டிஸ்னி வேர்ல்டில் தேனிலவு: பாதி நாள் பார்க்குக்கு, பாதி நாள் உங்களுக்கு

தேனிலவுக்கு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் போகிறோம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் "அது பிள்ளைங்க போற இடமாச்சே" என்பார்கள். நண்பர்கள் "நாலு நாள், நாலு பார்க், முடிச்சிட்டு வாங்க" என்பார்கள். இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். இரண்டு பேர் மட்டும் போய் ரசிக்க அங்கே ஏராளம் இருக்கிறது: ஏரிக்கரை ஓட்டல்கள், படகுப் பயணம், பால்கனியில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி தெரிகிற அறை, இரவில் வாணவேடிக்கை, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட அருமையான உணவகங்கள். ஆனால் பிள்ளைகளோடு போகும் குடும்பங்களின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் இதில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. காலை 7 மணிக்கு வாசலில் நின்று, இரவு 11 மணிக்குக் கால் கடுக்கத் திரும்பி, விழுந்து தூங்கி, மறுநாளும் அதே ஓட்டம். கல்யாண அலைச்சலே இன்னும் தீராத உடம்போடு இதைச் செய்தால் மூன்றாம் நாள் சண்டை நிச்சயம். அதிலும் வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் என்றால், ஒருவருக்கு எப்போது பசிக்கும், எப்போது பேசப் பிடிக்காது என்பதே மற்றவருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில் போகிறது. நாளில் பாதி பார்க்குக்கு, பாதி உங்கள் இருவருக்கு. மாதம் பார்ப்பது, அறை எடுப்பது, டிக்கெட் வாங்குவது எல்லாமே அந்தக் கணக்கை ஒட்டித்தான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஒரே ஒரு பார்க் இல்லை. ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே சுமார் 25,000 ஏக்கர், அதாவது 100 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிற இடம். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் பார்க்கோடு திறந்தார்கள். பிறகு 1982இல் எப்காட், 1989இல் இப்போது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பார்க், 1998இல் அனிமல் கிங்டம். இந்த நான்கோடு இரண்டு நீர் விளையாட்டுப் பூங்காக்கள், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஓட்டல்கள், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற பெரிய கடைவீதி எல்லாம் அதே வளாகத்துக்குள். ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தெல்லாம் போய்விட முடியாது (எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் இரண்டுக்கும் நடுவே மட்டும் நடைபாதை உண்டு), பஸ், படகு, மோனோரயில், ஸ்கைலைனர் எனும் கேபிள் கார் இவற்றில்தான் போக வேண்டும். எல்லாம் இலவசம். ஆனால் ஒவ்வொரு பயணமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தைத் தின்னும் என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே ஊரில் யூனிவர்சல் ஆர்லாண்டோவும் இருக்கிறது. 2025 மே 22 அன்று அங்கே எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பார்க் திறந்தார்கள். வேகமான ரோலர் கோஸ்டர்தான் உயிர் என்கிற ஜோடிக்கு யூனிவர்சல் பொருந்தும், அங்கே போர்ட்டோஃபினோ பே ஓட்டல் தேனிலவுக்கு அழகான இடம். ஆனாலும் தங்குவது, சாப்பிடுவது, மாலையில் சும்மா நடப்பது என்று பார்த்தால் என் ஓட்டு டிஸ்னிக்குத்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம்.

எந்த மாதம் போவது

இதை முகூர்த்த மாதத்தை வைத்தே சொல்லிவிடலாம், நம் ஆட்கள் கல்யாணத் தேதியை வைத்துத்தானே விடுப்பு கேட்கப் போகிறோம்.

தை மாதக் கல்யாணம் என்றால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை கூட்டமும் குறைவு, வெயிலும் இல்லை. பகலில் 20 டிகிரியைச் சுற்றி இருக்கும், விடியற்காலையிலும் இரவிலும் 10 டிகிரிக்குக்கூட இறங்கும், அதனால் ஒரு ஜாக்கெட் அவசியம். பிப்ரவரி நடுவில் வரும் பிரெசிடென்ட்ஸ் டே வார இறுதியை மட்டும் தவிருங்கள்.

வைகாசி, ஆனி என்றால் மே கடைசி, ஜூன், ஜூலை. பள்ளி விடுமுறை, வெயில், புழுக்கம், பல நாள் பிற்பகலில் இடி மின்னலோடு மழை. நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றும், ஆனால் கான்கிரீட் தரையில் நாளெல்லாம் நடப்பது வேறு கதை. போகத்தான் வேண்டும் என்றால் பிற்பகல் ஓய்வு என்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆவணி எனக்குப் பிடித்த மாதம். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கப் பள்ளிகள் திறந்துவிடும், செப்டம்பரில் கூட்டம் சரிந்து ஓட்டல் விலையும் இறங்கும். வெயில் குறையாது. புயல் பருவமும் (ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை) உச்சத்தில் இருக்கும். ஆர்லாண்டோ கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால் நேரடி அடி குறைவு, ஆனாலும் பயணக் காப்பீடு இல்லாமல் செப்டம்பரில் போகாதீர்கள். நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 7 நாட்களுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் டிஸ்னியிடம் நேரடியாகப் போட்ட பதிவை அபராதம் இல்லாமல் மாற்றலாம், ரத்து செய்யலாம். விமானம், வெளி ஓட்டல் எல்லாம் அதில் வராது.

கார்த்திகைக் கல்யாணம் என்றால் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரம் முடியும்வரை பொறுத்திருந்து டிசம்பர் முதல் பத்து நாளில் போங்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுக்க இருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம் இருக்காது. டிசம்பர் 20க்கு மேல் புத்தாண்டு வரை யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பாதீர்கள். மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் எல்லாம் முடித்துவிட்டு, நன்றாக ஒரு வாரம் தூங்கி எழுந்து போனால் செலவழித்த காசுக்குப் பலன் தெரியும்.

விசா, பாஸ்போர்ட், விமானம்

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்கள் பி1/பி2 எனும் சுற்றுலா விசா கையில் வரும்வரை திரும்பக் கிடைக்காத எந்தப் பணத்தையும் கட்ட வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர், சென்னைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே பல மாதம் ஆகலாம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். மணப்பெண் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றும் வேலையைப் பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

சென்னையிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாக எமிரேட்ஸில் போனால் ஒரே இடத்தில் மாறினால் போதும். வேறு வழிகளில் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட்டு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டிவரும். அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

நம் ஆட்களில் நிறையப் பேருக்கு நடப்பது வேறு மாதிரி. மாப்பிள்ளை நியூ ஜெர்சியிலோ டல்லாஸிலோ வேலையில் இருப்பார், பெண் எச்4 விசாவில் (அங்கே வேலை செய்பவரின் துணைக்குத் தருவது) வந்து இறங்குவார், அங்கிருந்து இருவரும் ஆர்லாண்டோ போவார்கள். இவர்களுக்கு என் ஆலோசனை, வந்த வாரமே போகாதீர்கள். புது நாடு, புது வீடு, தூக்கம் தலைகீழ். மூன்று நான்கு வாரம் கழித்துப் போனால் அந்தப் பெண்ணுக்கும் அது தேனிலவாக இருக்கும்.

எத்தனை நாள்

ஆறு இரவு, மூன்று பார்க் நாள். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. நான்கு பார்க் இருக்கும்போது மூன்று நாளா என்று கேட்பீர்கள். பார்க் ஹாப்பர் என்ற கூடுதல் டிக்கெட் போட்டால் ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று போகலாம், நேரக் கட்டுப்பாடு இப்போது இல்லை. இந்தத் திட்டத்துக்கு ஹாப்பர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மதியம் ஓட்டலுக்குத் திரும்பிவிட்டு மாலையில் வேறு பார்க்குக்குப் போவதுதான் நம் முறை. மீதி நாட்களில் ஒன்று வந்து சேரும் நாள், ஒன்று கிளம்பும் நாள், நடுவில் இரண்டு நாள் பார்க் பக்கமே போகாத நாள்.

ஓட்டல்: இங்கேதான் பணத்தையும் யோசனையையும் போட வேண்டும்

டிஸ்னி தன் ஓட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறது. வேல்யூ வகையில் பருவத்தைப் பொறுத்து இரவுக்கு 150 முதல் 280 டாலர், மாடரேட் 250 முதல் 400, டீலக்ஸ் 500இல் தொடங்கி 900க்கு மேலும் போகும். இதற்கு மேல் சுமார் 12.5 சதவீதம் வரி. ரிசார்ட் கட்டணம் என்று தனியாக எதுவும் கிடையாது.

வெளியில் பாதி விலைக்கு ஓட்டல் கிடைக்கும்போது ஏன் உள்ளே தங்க வேண்டும் என்றால், மதிய ஓய்வுக்கு வந்துபோவது உள்ளே தங்கினால்தான் சாத்தியம். தவிர, டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் தினமும் எந்தப் பார்க்குக்கும் அரை மணி நேரம் முன்னதாகவே நுழையலாம். அந்த அரை மணி நேரத்தில் முடிக்கிற இரண்டு ரைடு, மதியம் இரண்டு மணி நேர வரிசைக்குச் சமம்.

புதுமணத் தம்பதிகள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று: பெரும்பாலான அறைகளில் இயல்பாக இருப்பது இரண்டு குயீன் கட்டில்கள், குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது. இருவருக்கும் ஒரே பெரிய கட்டில் இருக்கும் கிங் பெட் அறை வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே அந்த வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை குறைவு. ஓட்டலுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தேனிலவு தனித்தனிக் கட்டிலில்தான்.

எந்த ஓட்டல் என்றால், கையிருப்பைப் பொறுத்து மூன்று வழி சொல்வேன்.

சிக்கனமாக என்றால் பாப் செஞ்சுரி. வேல்யூ வகைதான், ஆனால் வாசலிலேயே ஸ்கைலைனர். 2019 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கேபிள் காரில் ஏறி நடுவில் ஒரு முறை மாறினால் எப்காட்டின் பின்வாசலிலும் ஹாலிவுட் ஸ்டுடியோஸிலும் இறங்கலாம். இரவில் திரும்பும்போது பெரும்பாலும் ஒரு பெட்டியில் நீங்கள் இருவர் மட்டும், கீழே ஏரியும் விளக்குகளும். மின்னல் அடித்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

நடுத்தரம் என்றால் போர்ட் ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச் குவார்ட்டர். சின்ன ஓட்டல், அமைதி, வாசலில் ஆறு, அந்த ஆற்றில் டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்குப் படகு. மாலை வெயில் தாழ்ந்தபின் அந்தப் படகில் போய் கடைவீதியில் சாப்பிட்டுவிட்டு அதே படகில் திரும்புவதற்குத் தனியாகச் செலவே இல்லை.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜ், சவானா பக்கம் பார்த்த அறை. 2001இல் திறந்த இந்த ஓட்டலைச் சுற்றிப் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகளை விட்டிருக்கிறார்கள். காலையில் காபிக் கோப்பையோடு பால்கனியில் உட்கார்ந்தால் எதிரே அவை மேய்ந்துகொண்டிருக்கும். மேஜிக் கிங்டம் வாசலில் இருக்கும் கான்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் மூன்றும் இன்னும் விலை அதிகம். மோனோரயில் வசதியைக் கழித்துப் பார்த்தால் தேனிலவுக்கு அந்தப் பால்கனிக்கு ஈடு எதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்புறம், இரண்டையும் கலக்கலாம். முதல் நான்கு இரவு பாப் செஞ்சுரி, கடைசி இரண்டு இரவு அனிமல் கிங்டம் லாட்ஜ். காலையில் பெட்டியை ஓட்டல் சிப்பந்திகளிடம் கொடுத்துவிட்டால் அவர்களே அடுத்த ஓட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், நீங்கள் பார்க்குக்குப் போய்விடலாம். சாதாரண அறையிலிருந்து நல்ல அறைக்குப் போகும் வரிசையில் வையுங்கள், தலைகீழாக வைத்தால் கடைசி நாட்கள் சப்பென்று ஆகிவிடும். கடைசி இரண்டு இரவில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் டீலக்ஸ் விருந்தினருக்கு மட்டும் பார்க்கை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கும் இரவு ஒன்று வருமாறு பார்த்துக்கொண்டால் இரட்டை லாபம்.

அறை மட்டும் பதிவு செய்தால் ஒரு இரவு வாடகை முன்பணம். டிக்கெட்டோடு சேர்த்துத் தொகுப்பாக எடுத்தால் 200 டாலர் முன்பணம், மீதியைப் போவதற்கு 30 நாள் முன்பு கட்டலாம். விசா நிச்சயமில்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது வழி கைகொடுக்கும்.

டிக்கெட்டும் லைட்னிங் லேனும்

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். ஒரு நாள் டிக்கெட் 120 டாலரை ஒட்டித் தொடங்கி, கூட்ட நாட்களில் மேஜிக் கிங்டமுக்கு 190ஐத் தாண்டும். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும். தேதி போட்ட டிக்கெட்டுக்கு முன்பு போலத் தனியாகப் பார்க் முன்பதிவு தேவையில்லை, 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேன் தனிக் காசு. மல்டி பாஸ் என்பதில் ஒரு பார்க்கில் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் எடுக்கலாம், உள்ளே போய் ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததை எடுக்கலாம். மிகப் பிரபலமான ஓரிரு ரைடுகளுக்கு மட்டும் சிங்கிள் பாஸ் என்று தனி விலை. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் வருவதற்கு 7 நாள் முன்பே மொத்தத் தங்கலுக்கும் எடுத்துவிடலாம், வெளியில் தங்குபவர்களுக்கு 3 நாள்தான். ஆர்லாண்டோ நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். இந்தியாவில் இருந்தால் அது கோடைக்காலத்தில் மாலை 4:30, குளிர்காலத்தில் மாலை 5:30.

நான்கு பார்க்குக்கும் வாங்கக் கூடாது. மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வாங்குங்கள். அனிமல் கிங்டமில் காலை சீக்கிரம் போனாலே வேலை முடிந்துவிடும், எப்காட்டின் அழகு ரைடுகளில் இல்லை.

சில ரைடுகளில் சிங்கிள் ரைடர் என்று வேகமாக நகரும் வரிசை ஒன்று இருக்கும். காலி இருக்கைகளை நிரப்புவதற்கு வைத்தது, இருவரையும் பிரித்து வேறு வேறு வண்டியில் உட்கார வைப்பார்கள். நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சாப்பாடு: 60 நாள் முன்பே முடிக்க வேண்டிய வேலை

நல்ல உணவகங்களுக்கு 60 நாள் முன்பு பதிவு திறக்கும், இணையத்தில் ஆர்லாண்டோ நேரம் காலை 6 மணி. (இந்தியாவில் மாலை 3:30 அல்லது 4:30, நமக்கு வசதியான நேரம்தான்.) டிஸ்னி ஓட்டலில் பதிவு இருந்தால் வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, அடுத்த பத்து நாள் வரைக்கும் சேர்த்து எடுத்துவிடலாம். அதனால் தங்கலின் கடைசி நாட்களுக்கு உங்களுக்குப் போட்டி குறைவு. கடினமாகக் கிடைக்கும் இடங்களைக் கடைசி நாட்களில் வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் இடங்களில் முதலாவது சனா. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி கட்டிடத்தில் இருக்கிறது, அந்த ஓட்டலில் தங்காதவர்களும் போகலாம். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சுவையும் கலந்த உணவகம், பெரிய ஜன்னல்களுக்கு வெளியே விலங்குகள். பிரெட் சர்வீஸ் என்று கேட்டால் நான் ரொட்டி வகைகளும் ஒன்பது விதமான சட்னி, ரைத்தா, ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கைகளும் வரும். இருவருக்கு ஒரு தட்டு தாராளம். பகல் வெளிச்சத்தில் போங்கள், இருட்டியபின் விலங்குகள் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது கான்டெம்பரரி ஓட்டலின் 15ஆம் மாடியில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில். மேஜிக் கிங்டம் கோட்டையின் வாணவேடிக்கையை மேலிருந்து பார்க்கலாம். நிர்ணய விலைச் சாப்பாடு, வரியும் டிப்ஸும் சேர்த்தால் இருவருக்கும் 200 டாலரைத் தாண்டும். வாணவேடிக்கை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இருக்குமாறு மேசை எடுங்கள்.

மூன்றாவது கிராண்ட் ஃபுளோரிடியனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ். 2024இல் மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது, ஆளுக்கு 300 டாலர் அளவில் ஆகும், ஆண்கள் கோட்டு போட வேண்டும், 10 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள். ஏழெட்டு வகையாகச் சின்னச் சின்னத் தட்டில் வருவதை ரசிக்க முடியாதவருக்கு இது வீண் செலவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். மெனுவில் இலை அடையாளம் போட்டவை இறைச்சி, பால், முட்டை எதுவுமே இல்லாதவை. பதிவு செய்யும்போதே சைவம் என்று குறிப்பிட்டு, உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். மேசைச் சேவை உணவகங்களில் சமையல்காரரே வந்து பேசுவதும் உண்டு. "மாமிசம் வேண்டாம்" என்று நிறுத்தாமல் சூப்பிலும் சாதத்திலும் கோழி வேகவைத்த தண்ணீர் சேர்க்கிறீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அனிமல் கிங்டமில் சாட்டுலி கேன்டீனில் சாதமோ நூடுல்ஸோ எடுத்து மேலே டோஃபு போட்டு வாங்கிக்கொள்ளலாம், வயிறு நிறையும்.

வெளிச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் புட்டியும் மதுவும் மட்டும் கூடாது. தட்டை, முறுக்கு, சப்பாத்தி ரோல் எதுவானாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா அறைகளிலும் சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கிறது. குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கவுன்டர்களில் கோப்பையில் இலவசமாகவே தருவார்கள், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

நாள் வரிசை

முதல் நாள் வந்து சேருங்கள், ஓட்டல் நீச்சல் குளத்தில் இறங்குங்கள், தூங்குங்கள். அன்றைக்குப் பார்க் டிக்கெட் போட்டால் வீண்.

இந்தியாவிலிருந்து வந்திருந்தால் விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும், இரவு 7 மணிக்குக் கண் சொருகும். ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம் அப்படித்தான் செய்யும். அதை எதிர்த்துப் போராடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் அனிமல் கிங்டம். மற்றப் பார்க்குகளைவிடச் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடுவது அதுதான். முன்னதாக நுழைந்து ஃபிளைட் ஆஃப் பாசேஜ் ரைடு, அது முடிந்ததும் நேராகக் கிளிமஞ்சாரோ சஃபாரி, ஏனென்றால் காலைக் குளிர்ச்சியில்தான் விலங்குகள் நடமாடும். மதியம் சனாவில் சாப்பாடு, அறைக்குத் திரும்பி ஓய்வு. மாலையில் தெம்பிருந்தால் எப்காட், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாம் நாள் பார்க் கிடையாது. காலை மெதுவாக எழுந்து மோனோரயிலில் ஓட்டல் ஓட்டலாக இறங்கிச் சுற்றிப் பாருங்கள், டிக்கெட் வேண்டாம். இரவு பாலினேசியன் ஓட்டலின் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்தால் மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை எதிர்க்கரையில் தெரியும், இசையும் அங்கே கேட்கும். அந்த ஏரிகளில் இறங்கிக் குளிக்க மட்டும் கூடாது.

நான்காம் நாள் மேஜிக் கிங்டம். காலை முன்னதாக நுழைந்து மதியம் 1 மணி வரை ரைடுகள், வெயில் உச்சத்தில் வெளியே வந்துவிடுங்கள், கல்யாணப் பந்தி மாதிரி அந்த நேரத்தில்தான் நெரிசல். மாலை 6 மணிக்கு மேல் திரும்பி வந்து பீப்பிள்மூவர் என்ற மெதுவான வண்டியில் இருட்டிய பிறகு ஒரு சுற்று, அப்புறம் வாணவேடிக்கை. முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாம் நாள் ஓட்டல் மாறும் நாள். காலையில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஹாலிவுட் ஸ்டுடியோஸ், மாலையில் எப்காட். ஸ்கைலைனரில் எப்காட் பின்வாசலில் இறங்கினால் நேராக வேர்ல்ட் ஷோகேஸ். ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ் என 11 நாடுகளின் அரங்குகள், முழுச் சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சின்னத் தின்பண்டம் வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டே நடங்கள். இரவு ஏரியின் மேல் நடக்கும் வாணவேடிக்கையோடு முடியும். தேனிலவுக்கென்றே கட்டிய மாதிரி ஒரு மாலை என்றால் எனக்கு இதுதான்.

ஆறாம் நாள் அனிமல் கிங்டம் லாட்ஜை விட்டு வெளியே போகாதீர்கள். அந்த அறைக்குக் கொடுத்த பணம் அறையில் இருந்தால்தான் வசூலாகும். இரவுக்கு மட்டும் கலிஃபோர்னியா கிரில்.

இருவரில் ஒருவருக்கு உயரமோ வேகமோ பயம் என்றால் வரிசையில் நிற்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மற்றவர் வற்புறுத்த வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்

மேஜிக் கிங்டமின் சிட்டி ஹாலிலோ ஓட்டல் வரவேற்பிலோ கேட்டால் புதுமணத் தம்பதிகளுக்கான 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' பட்டன் இலவசமாகத் தருவார்கள். சட்டையில் குத்திக்கொண்டால் நாள் முழுக்க ஊழியர்களும் முன்பின் தெரியாதவர்களும் வாழ்த்துச் சொல்வார்கள். கூச்சப்படாமல் குத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஆங்காங்கே நிற்கும் டிஸ்னி புகைப்படக்காரர்களிடம் உங்கள் போனைக் கொடுத்தால் அதிலும் எடுத்துத் தருவார்கள், காசு இல்லை.

பட்டுப்புடவை, வேட்டி எல்லாம் சாப்பாட்டு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இழுபடும் உடைக்குப் பார்க்கில் தடை, ரைடில் ஏறவும் சிரமம். நாளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பீர்கள், அதனால் ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் சரி, கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு வேண்டாம். மெல்லிய மழைக்கோட்டை ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள், அங்கே விலை அதிகம்.

விமான நிலையத்திலிருந்து ஓட்டல் 30 கிலோமீட்டர் அளவு. முன்பு டிஸ்னி ஓட்டிய இலவசப் பஸ்ஸை 2022 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருக்கு ஊபர், லிஃப்ட் போன்ற ஆப் டாக்சிதான் தோது, கார் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.

மொத்தம் எவ்வளவு

விமானத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன ஆறு இரவுத் திட்டத்துக்கு இருவருக்கும் தோராயமாகப் போட்டால், வேல்யூ ஓட்டல் நான்கு இரவுக்கு வரியோடு 700 முதல் 1,250 டாலர், சவானா அறை இரண்டு இரவுக்கு 1,300 முதல் 2,000, மூன்று நாள் டிக்கெட் 800 முதல் 1,200, அதற்கு மேல் ஹாப்பரும் லைட்னிங் லேனும் 350 முதல் 500, சாப்பாடு 900 முதல் 1,400. ஆக 4,050இலிருந்து 6,350 டாலர் வரை. குறைக்க வேண்டும் என்றால் முதலில் லைட்னிங் லேனை வெட்டுங்கள், அடுத்து ஒரு பார்க் நாளை வெட்டுங்கள். அந்த இரண்டு இரவு நல்ல அறையைக் கடைசி வரைக்கும் வெட்டாதீர்கள். உணவகங்களில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தருவது அங்கே வழக்கம், சாப்பாட்டுக் கணக்கில் அதையும் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

கிளம்பும் நாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் மாலையில்தான் என்றால் பெட்டியை ஓட்டலிலேயே ஒப்படைத்துவிட்டு நீச்சல் குளத்தையும் மற்ற வசதிகளையும் கிளம்பும்வரை பயன்படுத்தலாம், கைப்பையில் ஒரு மாற்றுத் துணி மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.